காய்கறியின் தரமும் கதிரவனின் ஒளியும்

காய்கறி உற்பத்தியில் உலக நாடுகளிடையே சீனாவுக்கு அடுத்த இடம் இந்தியாவுக்கு உரியது. ஆண்டொன்றுக்கு 20 கோடி டன்னுக்கும் மேற்பட்ட காய்கறிகள் இந்நாட்டில் விளைகின்றன. எனினும் புள்ளிவிவரத்தில் பதிவாகும் ஒவ்வொரு டன்னும் ஒரே தன்மையுடையது அன்று. ஒரு டன் வெங்காயம் ஐந்து திங்கள் கெடாமல் இருக்கும். மற்றொரு டன் ஐந்து வாரத்திலேயே முளைவிட்டு அழுகும். ஒரு வயலின் உருளைக்கிழங்கு வறுவலுக்கு ஏற்றதாக அமையும். அதே விதையைக் கொண்டு வேறொரு மாவட்டத்தில் விளைந்த கிழங்கு எண்ணெயிலிட்டவுடன் கருகும். எடையில் காணப்படாத இவ்வேறுபாடே தரம் எனப்படுவது.

2018-19ஆம் ஆண்டு மத்திய வரவு செலவுத் திட்டத்தில், தக்காளி, வெங்காயம், உருளைக்கிழங்கு ஆகிய மூன்று பயிர்களின் விலை ஏற்றத் தாழ்வைக் குறைக்கும் நோக்குடன் 500 கோடி ரூபாய் ஒதுக்கீட்டில் ‘ஆபரேஷன் கிரீன்ஸ்’ என்னும் திட்டம் அறிவிக்கப்பட்டது. 2021-22ஆம் ஆண்டில் அது விரைவில் அழுகக்கூடிய 22 விளைபொருள்களுக்கு விரிவுபடுத்தப்பட்டது. கிடங்கு, போக்குவரத்து, பதப்படுத்துதல் ஆகியவை இத்தகைய திட்டங்களில் முதலிடம் பெறுகின்றன. அவை இன்றியமையாதவையே. ஆயினும், எத்துணைச் சிறந்த கிடங்கும் வயல் தந்த தரத்தைக் காக்க வல்லதேயன்றி, வயல் தராத தரத்தைப் புதிதாகப் படைக்க வல்லதன்று. அத்தரத்தை உருவாக்குவதில் ஒளி, வெப்பம், நீர், உரம் ஆகியவற்றின் பங்கு யாது என்பதையும், அதன் பொருளாதார விளைவுகளையும் மேற்கூறிய மூன்று பயிர்களின் வாயிலாக ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒளியின் மூன்று பணிகள்

பயிரின் வாழ்வில் ஒளி மூன்று வகையான பணிகளை ஆற்றுகிறது. முதலாவதாக, அது உணவுக்கு மூலம். இலையிலுள்ள பச்சையம் ஒளியைக் கொண்டு கரியமில வாயுவையும் நீரையும் சர்க்கரையாக மாற்றுகிறது. காயின் இனிப்பும், கிழங்கின் மாவுச்சத்தும் இதிலிருந்தே பிறக்கின்றன. வானம் நெடுநாள் மூடியிருக்கும் மழைக்காலத்தில் விளையும் காய்கள் நீர்த்தன்மை மிகுந்து சுவை குன்றுவதற்கு இதுவே முதற்காரணம். கீரைகளில் இதன் விளைவு வேறு வகையாகவும் வெளிப்படுகிறது. வேர் உறிஞ்சிய நைட்ரேட்டைப் புரதமாக மாற்றுவதற்கு ஒளி துணைபுரிகிறது. ஒளி குறைந்த இடத்தில் தழைச்சத்தை மிகுதியாக இட்டு வளர்த்த கீரை பசுமையாகத் தோன்றினும், அதில் நைட்ரேட் தேங்கி நிற்கும்.

இரண்டாவதாக, ஒளி பயிருக்குக் கடிகாரமாகப் பயன்படுகிறது. பகல் நீள்கிறதா, குறுகுகிறதா என்பதை உணர்ந்து, இலை விடுவதை நிறுத்திக் கிழங்கோ குமிழோ கட்டத் தொடங்கும் பயிர்கள் பல உள்ளன. ஒளியின் செறிவைக் காட்டிலும் ஒளி நீடிக்கும் கால அளவே இங்கு முக்கியமானது.

மூன்றாவதாக, ஒளி காயின் மேற்பரப்பில் நேரடியாகச் செயற்படுகிறது. ஒரே செடியில் நிழலில் காய்த்த தக்காளியை விட வெயில் பட்ட தக்காளியில் வைட்டமின் ‘சி’ மிகுந்திருக்கும். அதே வெயில் காலிபிளவரின் வெண்ணிறப் பூவை மஞ்சளாக்கும். அதனாலேயே உழவர்கள் அதன் இலைகளை மடக்கிக் கட்டிப் பூவை மறைக்கின்றனர்.

இம்மூன்று பணிகளும் ஒன்றுக்கொன்று முரண்படவும் கூடும். இலைக்கு வேண்டிய ஒளி காய்க்கு வேண்டாததாகலாம். தரமான விளைச்சல் என்பது இம்முரண்பாட்டைச் சமன் செய்வதில் அடங்கியுள்ளது.

தக்காளி: நிறமும் வெப்பமும்

தக்காளிக்குச் செந்நிறம் தருவது லைக்கோபீன் என்னும் பொருள். ஏறத்தாழ 20 முதல் 25 செல்சியஸ் வரையிலான வெப்பநிலையில் இது நன்கு உருவாகிறது. காயின் வெப்பநிலை 30 செல்சியஸைத் தாண்டுமாயின் லைக்கோபீன் உருவாவது தடைப்படுகிறது. மஞ்சள் நிறம் தரும் கரோட்டின் மட்டும் தொடர்ந்து உருவாகிறது. எனவேதான் கோடையில் பழுக்கும் தக்காளி செந்நிறம் பெறாமல் மஞ்சள் கலந்த ஆரஞ்சு நிறத்தோடு நின்றுவிடுகிறது. 12 செல்சியஸுக்குக் கீழான குளிரிலும் நிறம் ஏறுவதில்லை.

காற்றின் வெப்பமும் காயின் வெப்பமும் ஒன்றல்ல என்பது கவனத்திற்குரியது. நேர் வெயிலில் தொங்கும் காய், சுற்றியுள்ள காற்றைக் காட்டிலும் பல பாகை மிகுதியாகச் சூடேறும். அவ்வாறு சூடேறிய பக்கம் வெளுத்து, தோல் சுருங்கி, பின்னர் அழுகலுக்கு இடந்தரும். இதற்கு இயற்கை அளித்துள்ள குடை செடியின் இலைகளே. இலைச்சுருள் நச்சுயிரி நோயால் இலைகள் சிறுத்துவிட்ட தோட்டத்தில் விளைச்சல் குறைவதோடு, எஞ்சிய காய்களும் வெயிலில் வெந்து தரம் இழப்பதை உழவர்கள் அறிவர்.

இவ்விடத்தில்தான் நிழல் வலையும் பசுமைக்குடிலும் பயன்படுகின்றன. 2014-15ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட ஒருங்கிணைந்த தோட்டக்கலை வளர்ச்சி இயக்கம் இவற்றுக்கு மானியம் வழங்குகிறது. ஆனால் எந்த வலை, எந்தப் பருவத்தில், எந்தப் பயிருக்கு என்ற வினாவுக்கு விடை காணாமல் வலை மட்டும் வழங்குவது பயன் தராது. கோடையில் காயைக் காக்கும் அடர்ந்த வலை, மழைக்காலத்தில் அகற்றப்படாமல் இருக்குமானால், ஏற்கெனவே குறைந்துள்ள ஒளியை மேலும் குறைத்து, காயின் இனிப்பையும் திண்மையையும் கெடுக்கும். பசுமைக்குடிலின் மேலுறையில் படியும் தூசும் ஒளியை மறைக்கிறது. உறையைக் கழுவுதல் என்னும் எளிய பணி விளைச்சலின் தரத்தோடு தொடர்புடையது.

வெங்காயம்: பகலின் நீளமும் சேமிப்புக் காலமும்

வெங்காயம் பகலின் நீளத்தை அளந்து குமிழ் கட்டும் பயிராகும். குறும்பகல் வகைகளுக்கு 11 முதல் 12 மணி நேரப் பகல் போதுமானது. நெடும்பகல் வகைகள் 13 அல்லது 14 மணி நேரப் பகல் இருந்தாலன்றிக் குமிழ் கட்டா. நாசிக் அமைந்துள்ள 20 பாகை வட அட்சரேகையை ஒட்டிய பகுதியில் ஆண்டின் மிக நீண்ட பகல் ஏறத்தாழ 13 மணி 20 நிமிடம். மிகக் குறுகிய பகல் ஏறத்தாழ 11 மணி. ஆகவே அங்குக் குறும்பகல் வகைகளே பயிரிடப்படுகின்றன. கோடைப் பகல் 14 மணி நேரத்துக்கும் மேல் நீடிக்கும் காஷ்மீரத்தில் நெடும்பகல் வகைகள் விளைகின்றன. ஒரு பகுதியின் விதை மற்றொரு பகுதிக்குத் தவறாகச் சென்றால், தாள் மட்டும் செழித்துக் குமிழ் கட்டாமற் போவதும், மிக விரைவில் குமிழ் கட்டிச் சிறுத்துவிடுவதும் நேரும்.

நாட்டின் வெங்காய உற்பத்தியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ராபி பருவத்திற்கு உரியது. இது மார்ச் முதல் மே வரை முதிர்கிறது. அப்போது பகல் நாளும் நீள்கிறது, வெப்பம் ஏறுகிறது, காற்று உலர்கிறது. பயிர் முழு முதிர்ச்சி பெற்றதும் கழுத்துப் பகுதி தானே மெலிந்து தாள் சாய்கிறது. குமிழின் மேல் உலர்ந்த செதில்கள் பல அடுக்காக இறுகுகின்றன. மெலிந்து மூடிய கழுத்தின் வழியே அழுகல் நோய்க் கிருமிகள் நுழைவது கடினம். இவ்வெங்காயம் நான்கு முதல் ஆறு திங்கள் வரை கிடங்கில் தங்கும்.

கரீப் பருவ வெங்காயத்தின் நிலை இதற்கு மாறானது. அது அக்டோபர் முதல் டிசம்பர் வரை அறுவடைக்கு வருகிறது. அப்போது பகல் குறுகிக்கொண்டும் வெப்பம் தணிந்துகொண்டும் இருக்கும். மண்ணில் ஈரம் எஞ்சியிருக்கும். தாள் தானாகச் சாய்வதில்லை. வெற்றுப் பீப்பாயை உருட்டித் தாளைச் சாய்க்கும் வழக்கம் இதனால் ஏற்பட்டது. கழுத்துத் தடித்து ஈரமாகவே இருப்பதால் இவ்வெங்காயத்தை நெடுநாள் வைத்திருக்க இயலாது.

இவ்வேறுபாடு நாட்டின் விலைநிலையையே ஆட்டி வைக்கிறது. ராபி வெங்காயத்தின் இருப்புக் கரையும் காலத்தில் கரீப் வெங்காயம் வந்து சேர வேண்டும். கரீப் பயிர் மழையால் கெட்டு, ராபி இருப்பும் முன்னதாகவே அழுகிவிடுமாயின் பற்றாக்குறை தவிர்க்க முடியாததாகிறது. 2019 செப்டம்பரில் வெங்காய ஏற்றுமதிக்குத் தடை விதிக்கப்பட்டதும், 2023 டிசம்பரில் மீண்டும் அவ்வாறே செய்ய நேர்ந்ததும் இப்பின்னணியில் நோக்கத்தக்கவை. விலை நிலைப்படுத்தும் நிதியின் கீழ் அரசு திரட்டும் கையிருப்புக்கு ராபி வெங்காயமே கொள்முதல் செய்யப்படுவதன் காரணமும் இதுவே.

ராபி வெங்காயம் அனைத்தும் நெடுநாள் தங்கும் என்பதும் சரியன்று. அறுவடைக்கு 10 முதல் 15 நாள்களுக்கு முன் நீர் பாய்ச்சுவதை நிறுத்துதல், பயிரின் பிற்பருவத்தில் தழைச்சத்து இடாதிருத்தல், ஏறத்தாழப் பாதித் தாள்கள் சாய்ந்த பின் அறுவடை செய்தல், பிடுங்கிய வெங்காயத்தைச் சில நாள் வயலிலும் பின்னர் நிழலிலும் உலர்த்துதல், இரண்டு சென்டிமீட்டருக்குக் குறையாமல் கழுத்தை விட்டுத் தாளை அரிதல் ஆகியவை பரிந்துரைக்கப்பட்ட முறைகள். வயலில் உலர்த்தும்போது ஒரு வரிசையின் தாள் அடுத்த வரிசையின் குமிழை மூடுமாறு பரப்புவர். வாழ்நாள் முழுதும் ஒளியை நாடிய பயிர், பிடுங்கப்பட்டவுடன் நேர் வெயிலிலிருந்து காக்கப்பட வேண்டியதாகிறது.

உருளைக்கிழங்கு: இலைக்கு நட்பு, கிழங்குக்குப் பகை

உருளைக்கிழங்கு ஐரோப்பாவில் நீண்ட பகலையுடைய கோடையில் விளைகிறது. இந்தியாவிலோ பெரும்பகுதி கங்கைச் சமவெளியின் குறும்பகல் குளிர்காலத்தில் விளைகிறது. அக்டோபரில் நட்டு, ஜனவரி முதல் மார்ச் வரை தோண்டப்படும் இப்பயிருக்குக் கிடைக்கும் பகல் நாளொன்றுக்கு 10 முதல் 11 மணி நேரமே. ஐரோப்பிய வகைகள் இச்சூழலுக்குப் பொருந்தாமையால், நம் நாட்டுக்கென வகைகளை உருவாக்கும் பணி தேவையாயிற்று. 1949ஆம் ஆண்டில் பாட்னாவில் நிறுவப்பட்டு, 1956ஆம் ஆண்டில் சிம்லாவுக்கு மாற்றப்பட்ட மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் இப்பணியை ஏற்றது.

குறும்பகல் கிழங்கு கட்டுவதை விரைவுபடுத்துகிறது. குளிர்ந்த இரவும் அதற்குத் துணைபுரிகிறது. ஆனால் குளிர் அளவு மீறினால் தரம் கெடுகிறது. அறுவடைக்கு முந்தைய வாரங்களில் இரவு வெப்பநிலை மிகத் தாழ்ந்தால், மாவுச்சத்தின் ஒரு பகுதி குளுக்கோஸ் முதலிய ஒடுக்கும் சர்க்கரைகளாக மாறுகிறது. எண்ணெயில் பொரிக்கும்போது இச்சர்க்கரை அமினோ அமிலங்களோடு சேர்ந்து பழுப்பு நிறத்தையும் கசப்பையும் உண்டாக்குகிறது. வறுவலுக்கு ஏற்ற கிழங்கில் உலர்பொருள் 20 விழுக்காட்டுக்கும் மேலாகவும், ஒடுக்கும் சர்க்கரை 100 கிராமுக்கு 100 மில்லிகிராமுக்குக் குறைவாகவும் இருத்தல் வேண்டும்.

வடமேற்குச் சமவெளியில் ஜனவரி இரவுகள் கடுங்குளிரானவை. மத்தியப் பிரதேசத்தின் மால்வா, குஜராத்தின் பனாஸ்காண்டா ஆகிய பகுதிகளிலோ வெயில் மிகுந்த பகலும் மிதமான இரவும் அமைகின்றன. வறுவலுக்குரிய கிழங்கு இப்பகுதிகளில் சிறந்து விளைவதற்கு இவ்வேறுபாடு ஒரு முக்கியக் காரணம். 1998ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட குப்ரி சிப்சோனா-1, குப்ரி சிப்சோனா-2 ஆகிய வகைகள் பதப்படுத்தும் தொழிலுக்கென்றே உருவாக்கப்பட்டவை. வகையும் பருவமும் இடமும் ஒன்றுபடும்போதே எதிர்பார்த்த தரம் கிடைக்கிறது.

வயலில் நிகழும் இதே மாற்றம் குளிர்பதனக் கிடங்கிலும் நிகழ்கிறது. 2 முதல் 4 செல்சியஸ் குளிரில் வைத்த கிழங்கு முளைவிடாமல் பல திங்கள் இருக்கும், ஆனால் இனிப்பேறும். விதைக்கு அது தடையன்று, வறுவலுக்குப் பெருந்தடை. எனவே பதப்படுத்துதற்குரிய கிழங்கை 10 முதல் 12 செல்சியஸில், முளைப்பைத் தடுக்கும் மருந்திட்டுச் சேமிக்கின்றனர். கிடங்கின் கொள்ளளவை டன்னில் மட்டும் கணக்கிடும் திட்ட அறிக்கை, எவ்வெப்பநிலையில் எத்தனை டன் என்பதையும் கூறுமாயின் முழுமை பெறும்.

இனி, ஒளி. உருளைக்கிழங்கு மண்ணுக்குள் வாழும் தண்டாகும். மண் விலகி வெளிச்சம் பட்டவுடன் அது பச்சையத்தை உருவாக்கத் தொடங்குகிறது. பச்சையம் தீங்கற்றது. ஆயினும் அதனோடு சோலனின் முதலிய நச்சுப் பொருள்களும் தோலை ஒட்டிய பகுதியில் பெருகுகின்றன. 100 கிராம் கிழங்கில் இவை 20 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது பொதுவாக ஏற்கப்பட்ட வரம்பு. சமைப்பதால் இந்நஞ்சு பெரிதும் அழிவதில்லை; பச்சைப் பகுதியைத் தடிமனாகச் சீவி எறிவதும், மிகுதியாகப் பசுமை ஏறிய கிழங்கை விலக்குவதுமே தக்க வழி. வயலில் மண் அணைத்தலும், களத்தில் குவியலை மூடி வைத்தலும் ஒளியிலிருந்து கிழங்கைக் காப்பதற்கே. ஆனால் கடைக்கு வந்தபின், வாங்குவோரைக் கவரும் பொருட்டுக் கிழங்குகள் இரவும் பகலும் விளக்கொளியில் பரப்பி வைக்கப்படுகின்றன. உழவர் மூன்று திங்கள் மண்ணால் மூடிக் காத்த தரம், கடையில் சில நாள்களில் இழக்கப்படுகிறது.

உண்ணும் கிழங்குக்குத் தீங்கான ஒளியே விதைக்கிழங்குக்கு நன்மை பயக்கிறது. நடுவதற்கு முன் விதைக்கிழங்கை மங்கிய பரவலான ஒளியில் வைத்தால், முளைகள் நீண்டு வெளுக்காமல், குட்டையாகவும் உறுதியாகவும் பசுமையாகவும் அமையும். ஒரே பொருளுக்கு ஒரே சூழல் எல்லாப் பயனுக்கும் ஏற்றதன்று என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

எடைக்கு விலை உண்டு; தரத்துக்கு?

மேற்கூறிய முறைகள் பலவும் உழவருக்குச் செலவையோ எடை இழப்பையோ உண்டாக்குபவை. இதன் பொருளாதார விளைவை ஒரு கணக்கால் விளக்கலாம். இஃது எடுத்துக்காட்டுக்காக அமைத்ததே.

இரு உழவர்கள் சம அளவு நிலத்தில் ராபி வெங்காயம் பயிரிடுகின்றனர். முதலாமவர் அறுவடை வரை நீர் பாய்ச்சி 100 குவிண்டால் பெறுகிறார். இரண்டாமவர் உரிய காலத்தில் நீரை நிறுத்தி, நன்கு உலர்த்தி, 94 குவிண்டால் பெறுகிறார். சந்தை விலை குவிண்டாலுக்கு 1,500 ரூபாய். முதலாமவருக்கு 1,50,000 ரூபாயும் இரண்டாமவருக்கு 1,41,000 ரூபாயும் கிடைக்கின்றன. முறையாகச் செய்தவருக்கு 9,000 ரூபாய் இழப்பு.

நான்கு திங்களுக்குப் பின் கிடங்கைத் திறந்து பார்ப்போம். முதற்குவியலில் 40 விழுக்காடு வீணாகி 60 குவிண்டால் எஞ்சுகிறது. இரண்டாவதில் 25 விழுக்காடு வீணாகி 70.5 குவிண்டால் எஞ்சுகிறது. நுகர்வோருக்குக் கிடைப்பது 10.5 குவிண்டால் மிகுதி. அப்போதைய விலை 2,500 ரூபாயாயின் அதன் மதிப்பு 26,250 ரூபாய். சமுதாயத்திற்கு இந்த ஆதாயத்தைத் தந்தவர், அதன் பொருட்டு 9,000 ரூபாயை இழந்தவராகிறார். குவிண்டாலுக்கு 96 ரூபாய் கூடுதலாகக் கிடைத்திருப்பின் அவர் இழப்பின்றி இருந்திருப்பார்.

அக்கூடுதல் விலை ஏன் கிடைப்பதில்லை? ஏலம் நடைபெறும் நாளில் இரு குவியல்களும் ஏறத்தாழ ஒன்றுபோலவே தோன்றுகின்றன. எவ்வளவு நாள் தங்கும் என்பதை வாங்குபவர் கண்ணால் அறிய இயலாது. அறிய இயலாத தரத்துக்கு அவர் விலை தருவதில்லை. அடுத்த ஆண்டு இரண்டாம் உழவரும் கடைசி வரை நீர் பாய்ச்சுவார். அவரைக் குறை கூறுவதிற் பயனில்லை. சந்தை அவருக்குக் கற்பித்த பாடம் அது.

நிருவாகம் செய்யத்தக்கவை

வேளாண் விளைபொருள்களைத் தரம் பிரித்து முத்திரையிடும் சட்டம் 1937ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டது. 2016 ஏப்ரலில் தொடங்கப்பட்ட மின்னணு தேசிய வேளாண் சந்தையில், ஏலத்துக்கு முன் தரம் மதிப்பிடும் ஏற்பாடு உண்டு. ஆகவே அடிப்படை அமைப்புகள் புதிதாகத் தோன்ற வேண்டியதில்லை. அளவு, நிறம், வடிவம் ஆகிய புறத் தோற்றங்களைத் தாண்டி உள்ளார்ந்த தரத்தையும் அவை அளக்குமாறு செய்தல் வேண்டும்.

இதற்கு விலையுயர்ந்த ஆய்வுக்கூடம் தேவையில்லை. உருளைக்கிழங்கின் உலர்பொருளை உப்பு நீரில் மிதக்க விட்டே மதிப்பிடலாம். அடர்த்தி எண் ஏறத்தாழ 1.080 இருப்பின் உலர்பொருள் 20 விழுக்காட்டை ஒட்டி இருக்கும். தக்காளிச் சாற்றின் கரையும் திடப்பொருளைக் கையடக்கமான ஒளிவிலகல் மானி ஒரு துளியில் காட்டிவிடும். வெங்காயத்தில் கழுத்தின் தடிமனையும் உலர்ந்த செதில்களின் நிலையையும் பயிற்சி பெற்ற பணியாளர் விரைவில் குறித்துவிடலாம். நீர் நிறுத்திய நாள், அறுவடை நாள், உலர்த்திய நாள்களின் எண்ணிக்கை ஆகிய மூன்றும் ஒவ்வொரு குவியலோடும் பதிவு செய்யப்படின், கிடங்கில் எதை முதலில் விற்பது, எதை இறுதி வரை வைப்பது என்பதை முடிவு செய்ய அவை உதவும். அரசுக் கையிருப்புக்கான கொள்முதலே இதற்கு முன்மாதிரியாக அமையலாம்.

விரிவாக்கப் பணியாளரின் பரிந்துரைகளும் வட்டார ஒளியையும் வெப்பத்தையும் அடிப்படையாகக் கொள்ள வேண்டும். மாநிலம் முழுமைக்கும் ஒரே விதைப்பு நாள், ஒரே நிழல் வலை என்னும் முறை பயிரின் இயல்புக்குப் பொருந்தாது. சில்லறைக் கடைகளில் உருளைக்கிழங்கைக் கோணிப்பையால் மூடி வைக்கச் சொல்வதற்குச் செலவு எதுவும் இல்லை. ஆயினும் அதைச் சொல்வதற்கு ஒருவர் வேண்டும்.

கதிரவனின் ஒளிக்கு எவரும் விலை கொடுப்பதில்லை. ஆனால் அவ்வொளியை உரிய நேரத்தில் ஏற்கவும், உரிய நேரத்தில் மறைக்கவும் உழவர் செலுத்தும் உழைப்புக்கு விலை உண்டு. அவ்விலை அவரைச் சென்றடைய வழி காணப்படும்வரை, கிடங்குகளின் எண்ணிக்கை பெருகினும் அவற்றுள் அழுகும் காய்கறியின் அளவு எதிர்பார்த்தவாறு குறையாது. உற்பத்திப் புள்ளிவிவரத்தோடு தரத்தையும் கணக்கிடத் தொடங்குவதே அதற்கான முதற்படி.